மகப்பேற்றுச் சாலையும் சைவத் திருமடமும்

நால்வகைத் தோற்றத்து எழுவகைப் பிறப்பினுள் மானுடப் பிறவி பெறுதற்கரிது என்பது நம் சைவ நூல்கள் யாவும் ஒருமுகமாகக் கூறும் உண்மை. சிவபெருமானை வழிபடுதற்கும், ஞானாசிரியரை அடைந்து தீக்கை பெறுதற்கும், மலம் நீங்கி வீடெய்துதற்கும் இப்பிறவியே வாயிலாகலின், சான்றோர் இதனைப் பெரிதும் போற்றுவாராயினர். அவ்வாயிலைப் பத்துத் திங்களும் தன் உடம்பினுட் காத்து, முடிவில் தன் உயிரையே ஒரு தட்டில் வைத்துத் திறப்பவள் தாய். கருவினுட் கிடக்கும் உயிர் படுந் துன்பத்தை நம் நூல்கள் விரித்துரைத்திருக்கின்றன. அக்கருவைச் சுமப்பவள் படுந் துன்பத்துக்கு நம் முன்னோர் யாது துணை செய்தனர் என்பதை வரலாற்று முறையான் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சூல்கொண்ட மகளிர் ஒருங்கு கூடித் தத்தம் மெய்வருத்தத்தையும் மனக்கவலையையும் பகிர்ந்துகொள்ளுதல் இத்தமிழ்நாட்டிற் புதுவதன்று. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியில், அந்நகரின் இரவு நிகழ்ச்சிகளைக் கூறுமிடத்து, மகவீன்ற மகளிர் நீராடுதலும், சூல்கொண்ட மகளிர் யாழும் முழவும் ஒலிப்ப, விளக்கு முன்செல்ல, மடைப்பொருளோடு மெல்ல நடந்து சென்று கைதொழுதலும், சாலினியாகிய தேவராட்டி அம்மடையைப் படைத்தலும் அடுத்தடுத்துக் கூறப்படுகின்றன. ஈன்றவளையும் ஈனவிருப்பவளையும் புலவர் அருகருகே நிறுத்தினமை உற்று நோக்கத்தக்கது. முன்னவள் நலமே மீண்டமை பின்னவளுக்கு எந்த மருந்தினும் பெரியதோர் ஆறுதலாம் அன்றோ?

சூலுற்றார்க்கு வரும் உணவு வேட்கையைப் பழந்தமிழர் 'வயா' என வழங்கினர். இக்காலத்தார் மசக்கை என்பர். புறநானூற்றின் 20-ஆம் பாட்டிற் குறுங்கோழியூர்கிழார், சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைப் புகழுங்கால், அவன் நாட்டு மண்ணை வயாவுற்ற மகளிர் விரும்பி உண்பதல்லது பகைவர் உண்ணுதல் இல்லை என்ற கருத்தமையப் பாடியிருக்கின்றார். அரசனது வெற்றியைக் கூற வந்த புலவர்க்குச் சூலுற்ற பெண்ணின் மண்ணுண்ணும் வேட்கை உவமைக்கு உடனே எய்தியது. அவ்வேட்கை பலர்க்கும் தெரிந்த செய்தியாயிருந்ததென்பது இதனாற் பெறப்படும். குருதியில் இரும்புச் சத்துக் குறைந்தார் மண், சாம்பல் முதலியவற்றை விரும்புதலுண்டு என்று இக்கால மருத்துவர் கூறுவர்.

இனி, யாம் வதியும் தளி என்னும் ஊரின் நிலையையும் ஈண்டுச் சிறிது கூறுதல் பொருந்தும். இது கன்னட நாட்டை அடுத்த எல்லைப்புறத்துள்ளது. 1965 வரை சேலம் மாவட்டத்தும், பின்னர்த் தருமபுரி மாவட்டத்தும், 2004 முதற் கிருட்டினகிரி மாவட்டத்தும் அடங்கி வருவது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் வழங்குவன. 'தளி' என்னுஞ் சொல்லுக்குக் கோயில் என்பது பொருளாதலைத் தேவாரம் பயில்வார் நன்கறிவர். இவ்வூர்ச் சுகாதார நிலையத்துக்குச் சோதனைக்கு வரும் மகளிர் தம்முட் பேசிக்கொள்வனவற்றைச் செவியுற்றார்க்கு, மதுரைக்காஞ்சி மகளிரின் கவலையும் இவர் கவலையும் வேறல்ல என்பது புலனாகும்.

கால் வீங்குகின்றதே, இஃது இயல்போ, நோயோ என்பாள் ஒருத்தி. இரும்புச் சத்து மாத்திரை வயிற்றைப் புரட்டுகின்றதென்பாள் மற்றொருத்தி. கேழ்வரகுக் களி உண்ணலாமோ, பப்பாளி ஆகாதென்று மாமியார் கூறுவது மெய்யோ என வினவுவாள் வேறொருத்தி. தலைச்சூலுடையாள் வாய்திறவாதிருந்து, மூன்று மக்களைப் பெற்றவள் கூறுவதையெல்லாம் உள்ளத்திற் பதித்துக்கொள்வாள். சவளகிரிக் காட்டையடுத்த சிற்றூர்களிலிருந்து வருவார்க்குப் பிறிதொரு கவலையுமுண்டு. யானைகள் காட்டினின்றும் இறங்கும் பருவத்தில் நள்ளிரவில் வலி கண்டால் வழிச்செல்வது எங்ஙனம் என்பதே அது. பிள்ளை பெற்று அணிமையளாகிய தாயைக் கன்னடத்தார் பாணந்தி என்பர். தெலுங்கர் பாலிந்த என்பர். தமிழர் பச்சையுடம்புக்காரி என்பர். சொல் மூன்றாயினும் அச்சம் ஒன்றே.

இக்கவலைகளைத் தொகுத்து நோக்கின் அவை நான்கினுள் அடங்கும். அவையாவன: உணவு, துணை, இடம், மருத்துவம் என்பன. வயிற்றுக்கு வேண்டுவது கிடைக்குமோ, வலிகாணுங்கால் உடனிருப்பார் யார், எவ்விடத்துப் பிள்ளை பெறுவது, தீங்கு நேரிற் காப்பார் உளரோ என்பனவே எக்காலத்தும் எந்நாட்டும் சூலுற்றார் வினவும் வினாக்கள். இந்நான்கற்கும் சைவ உலகம் கூறிய விடைகளை முறையே காண்போம்.

கருவின் நிலையை நம் ஆசிரியர்கள் ஆழ்ந்து நோக்கியவர்கள். திருமூலர் திருமந்திரத்தின் இரண்டாந் தந்திரத்திற் கருவுற்பத்தி என ஒரு பகுதியே வகுத்தனர். மணிவாசகப் பெருமான் போற்றித் திருவகவலிற் கருவிலுள்ள உயிர் திங்கள்தோறும் தப்பிப் பிழைக்கும் இடர்களை வரிசைப்பட எண்ணிக் காட்டினர். இவையெல்லாம் உயிரின் பக்கத்து நின்று கூறியவை. தாயின் பக்கத்தை நமக்குக் காட்டுவது சேக்கிழார் பெருமான் அருளிய கோச்செங்கட் சோழ நாயனார் புராணமாகும்.

திருவானைக்காவிற் பெருமானுக்கு நூற்பந்தரிட்ட சிலந்தி, சுபதேவன் தேவியாகிய கமலவதியின் திருவயிற்றில் வந்து கருவெய்திற்று. பேறு வாய்க்கும் பொழுதில், இன்னும் ஒரு நாழிகை கழித்துப் பிறக்குமாயின் இக்குழவி மூவுலகும் ஆளும் என்று காலக்கணிதர் கூறினர். அது கேட்ட தேவி, தன் கால்களைப் பிணித்துத் தலைகீழாக நிறுத்துமாறு பணித்தாள். அவ்வாறே செய்து, காலம் வந்துழி அவிழ்த்துவிட, மகவு பிறந்தது. காலந் தாழ்த்தமையாற் சிவந்திருந்த அதன் கண்களை நோக்கி, அன்பு ததும்ப ஒரு சொற் கூறி அத்தாய் ஆவி நீத்தாள்.

நாம் இச்சரிதத்தைப் படிக்குங்கால் எழுபதுக்கு மேற்பட்ட மாடக்கோயில்களை எடுத்த அரசனது பெருமையையே நோக்குகின்றோம். அப்பெருமைக்கெல்லாம் முதலாக நின்றது பேற்றறையில் நிகழ்ந்த ஒரு சாவு என்பதைச் சேக்கிழார் மறைத்தாரல்லர். நாயனார் ஒருவர் பிறக்கத் தாயொருத்தி மடிந்தாள். அரசன் தேவிக்கே இதுவாயின், குடிமக்கள் மனையில் நிகழ்ந்தவற்றை எண்ணிப் பார்க்கலாகும்.

நான்கனுள் துணை என்பதற்குச் சைவம் கூறிய விடை திருச்சிராப்பள்ளியில் விளங்குகின்றது. சைவ எல்லப்ப நாவலர் இயற்றிய செவ்வந்திப் புராணம் அதனை விரித்துரைக்கும். இரத்தினாவதி என்னும் வணிகர்குலப் பெண் சிராப்பள்ளியிற் கருவுற்றிருந்தாள். அவள் தாய் காவிரிப்பூம்பட்டினத்தினின்றும் பேற்றுக்கு வேண்டும் மருந்துகளையும் பிறவற்றையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டு வந்தாள். காவிரியிற் பெருவெள்ளம் வந்தமையால் அவள் அக்கரையிற் றடைப்பட்டாள். இக்கரையில் மகளுக்கு வலி கண்டுவிட்டது. பெருமான் அத்தாயின் வடிவங்கொண்டு வந்து, வேண்டுவன செய்து, மகவைக் கையிலேந்தினர். வெள்ளம் வடிந்து மெய்த்தாய் வந்தபோது, இல்லத்தில் இருவர் தாயர் நின்றனர். ஒருவர் மறைந்தனர். அன்றுதொட்டுத் தாயுமானவர் என்பது அப்பெருமானுக்குத் திருநாமமாயிற்று.

இப்புராணத்தில் இறைவன் செய்தது யாதென நுனித்து நோக்குவாம். அவர் வெள்ளத்தைத் தடுத்து நிறுத்தினாரல்லர், வலியை ஒழித்தாருமல்லர், ஒரு பெண்ணுக்கு வேண்டும்பொழுதில் அவள் கைப்பற்றி உடனிருந்தனர். மருந்து தாழ்த்து வரினும் வரலாம், துணை தாழ்த்து வருதல் கூடாது என்பதே இதன் உட்கிடை. பேறு நலமாக முடிந்தோர் இன்றும் அத்தலத்தில் வாழைத்தார் காணிக்கை செலுத்துகின்றனர்.

அங்ஙனமே, அப்பரும் சம்பந்தரும் பாடிய திருக்கருகாவூரில், கருச்சிதைவுற்ற வேதிகை என்பாளது கருவை ஒரு குடத்தினுள் வைத்துக் காத்து மகவாக்கித் தந்தமையால், அம்மை கருக்காத்தநாயகி எனப் பெயர் பெற்றாள் என்று தலபுராணங் கூறும். மகப்பேறு விரும்புவார் நெய்யும், பேறு நெருங்கினார் விளக்கெண்ணெயும் ஆண்டுப் பெற்றுச் செல்லுதல் இன்றும் நிகழ்வது. சிராப்பள்ளியில் துணையும், கருகாவூரிற் காப்பும் இறைவன் இறைவியர் செயலாகவே கூறப்பட்டன.

அற்றேல், அடியார் செய்தது யாது? இறைவன் தாயாக வந்தனன் எனப் பாடி மகிழ்தலோடு அமைந்தனரோ, அன்றி அவன் செய்த தொண்டைத் தாமும் செய்தனரோ எனின், அதற்கு விடை கல்லிலே வெட்டப்பட்டிருக்கின்றது.

சோழர் காலத்துக் கோயில்களைச் சார்ந்து ஆதுலசாலைகள் நடைபெற்றமை கல்வெட்டுக்களால் அறியப்படும். தஞ்சையிற் குந்தவைப் பிராட்டியார் பேணிய சுந்தரசோழ விண்ணகர் ஆதுலசாலை ஒன்று. பாலாறு முதலிய மூன்றாறுகள் கூடும் திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழர் காலத்து, அதாவது 11-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், திருமால் கோயிலைச் சார்ந்து நிகழ்ந்த வீரசோழன் என்னும் ஆதுலசாலை மற்றொன்று. இதில் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர் ஒருவரும், அறுவை செய்வார் ஒருவரும், மருந்துக்கு வேண்டும் மூலிகையும் விறகும் கொணர்வார் இருவரும், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவரும் இருந்தனர். இவை நோயுற்றார்க்கு அமைத்தவை. சூலுற்றவள் நோயாளியல்லள், அவளுக்கு வேண்டுவது தனியிடம். அத்தனியிடத்தை நினைந்து அமைத்தவர் ஒரு சைவத் துறவி என்பதே யாம் கூற வந்த செய்தி.

ஆந்திர நாட்டிற் குண்டூர்ப் பகுதியிற் கிருட்டிணையாற்றின் தென்பால் மல்காபுரம் என ஒரு சிற்றூர் உளது. 2016 முதல் ஆந்திர அரசின் தலைமைச் செயலகம் இயங்கும் வெலகபூடி அதற்கு அணித்தேயுள்ளது. மல்காபுரத்துக் கற்றூணிற் பொறிக்கப்பட்ட வடமொழிச் சாசனம் சக ஆண்டு 1183-இல், அதாவது கி.பி. 1261-இல் எழுந்தது. சைவ மடங்களின் வரலாற்றுக்கு இதனினும் சிறந்த சான்று அரிதே.

அச்சாசனங் கூறும் குருபரம்பரை வருமாறு: கங்கைக்கும் நருமதைக்கும் இடைப்பட்ட டாகள மண்டலத்தில், காலசூரி மன்னனாகிய யுவராசதேவன், சத்பாவசம்பு என்னும் சைவாசாரியருக்கு மூன்று நூறாயிரம் ஊர்களைக் காணிக்கையாக்கினான். அவர் அப்பொருளைக்கொண்டு கோளகி மடத்தை நிறுவினர். அம்மரபில் தோன்றியவரே சோமசம்பு. நம் சிவாசாரியர்கள் இன்றளவும் கையாளும் பத்ததிகளுள் முதன்மை வாய்ந்த சோமசம்பு பத்ததி இவர் பெயரான் விளங்குவது. இவர்க்குப் பின் வழிவழி வந்தவருள் ஒருவர் விசுவேசுவர சிவாசாரியர். வங்க நாட்டிற் பிறந்து, தென்றிசை போந்து, காகதிய மன்னனாகிய கணபதிதேவனுக்குத் தீக்கா குருவாயினர். கோளகி மடத்துச் சந்தானத்தைப் பற்றிய குறிப்புக்கள் தமிழ்நாட்டுக் கல்வெட்டுக்களிலும் காணப்படுதலின், இவர் நமக்கு அயலவரல்லர்.

கணபதிதேவன் தன் ஆசிரியருக்கு மந்தரம் என்னும் ஊரை அளிப்பதாக வாக்களித்திருந்தனன். அவ்வாக்கை நிறைவேற்றியவள் அவன் மகளாகிய உருத்திரமதேவி. அவ்வூரோடு வெலங்கபூடியையும் சேர்த்து அவள் தாரைவார்த்துக் கொடுத்தனள். ஆசிரியர் அவ்விடத்திற் கோயிலும், சுத்தசைவ மடமும், அன்னசத்திரமும் அமைத்து, திராவிட அந்தணரைக் குடியேற்றி, அதற்கு விசுவேசுவர கோளகி எனப் பெயரிட்டனர். குடியேறினார்க்குரிய நிலம் போக எஞ்சிய வருவாயை மூன்று கூறாக்கினர். ஒரு கூறு சிவபெருமான் கோயிலுக்கு. ஒரு கூறு மாணாக்கர்க்கும் சுத்தசைவ மடத்துக்கும். மூன்றாங் கூறு பிரசூதிசாலைக்கும், ஆரோக்கியசாலைக்கும், அந்தணர் உண்ணும் சத்திரத்துக்கும். பிரசூதிசாலை என்பது மகப்பேற்றுச் சாலை.

வேதம் மூன்றையும் கற்பிக்க மூவரும், சொல்லும் பொருளும் அளவையும் இலக்கியமும் ஆகமமும் கற்பிக்க ஐவரும் நியமிக்கப்பட்டனர். அவர்களோடு ஒரே வரிசையில் மருத்துவர் ஒருவரும் கணக்கர் ஒருவரும் வைக்கப்பட்டனர். அன்னசத்திரத்தில் அந்தணர் முதற் சண்டாளர் ஈறாக வருவார் யாவர்க்கும் எஞ்ஞான்றும் சோறு தடையின்றி வழங்குதல் வேண்டும் என்பது ஆசிரியரது கட்டளை. உணவு, இடம், மருத்துவம் என முன்னர் யாம் வகுத்த நான்கனுள் மூன்றும் ஒரு மதிலகத்தே அமைந்தவாறு காண்க.

ஈண்டு ஒரு தடை நிகழும். மகப்பேறு ஆசௌசம் உடையது; பிள்ளை பெற்றவள் திருக்கோயிலுட் புகுதற்கு நாள் வரையறை உண்டு; அங்ஙனமாகச் சிவசொத்தாகிய ஊரின் வருவாயைப் பேற்றறைக்குச் செலவிடுதல் ஆகம நெறிக்கு ஒக்குமோ என்பது அத்தடை.

ஒக்கும் என்பதே விடை. அதனைக் கூறியவர் ஆகமம் அறியாதாரல்லர். சோமசம்புவின் நேர்வழியில் வந்து, அரசர்க்குத் தீக்கை செய்து, சுத்தசைவ மடத்தை நடத்தியவர். ஆசௌசம் என்பது அத்தாய் கோயிலுக்கு வருதற்கு ஒரு வரையறை; கோயிலின் பொருள் அத்தாயினிடஞ் செல்லுதற்குத் தடையன்று. அவள் வர இயலாத நாளில் அறம் அவளிடஞ் சென்றது. இவ்விரண்டையும் வேறு பிரித்தறியும் நுண்மை விசுவேசுவர சிவாசாரியர்க்கு இருந்தது.

இன்னும் ஒன்று. சிவாக்கினி காரியம் செய்யும் முறையை அறிந்தார்க்கு இவ்வறத்தின் மூலம் எளிதிற் புலப்படும். குண்டத்தினுள் வாகீசுவரியையும் வாகீசுவரனையும் ஆவாகித்து, அம்மையின் கருப்பத்தில் அக்கினியை வைத்து, கருப்பாதானம், பும்சவனம், சீமந்தம், சாதகருமம், நாமகரணம் என்னும் ஐந்தையும் மந்திரபூர்வமாகச் செய்த பின்னரே அது சிவாக்கினியாம். நிர்வாண தீக்கையிலும் மாணாக்கனது உயிர் வாகீசுவரியின் கருப்பத்திற் சேர்க்கப்பட்டு மறுபிறப்பெய்துவதாகப் பாவனை செய்யப்படுகின்றது. நாடோறும் ஒரு சூலைக் குண்டத்திற் பேணி, வளர்த்து, பெயரிட்டு வழிபடும் ஆசாரியர், மடத்து வாயிலில் வந்து நிற்கும் சூலுற்ற பெண்ணை அயலாக எண்ணுதல் எங்ஙனம்? பாவனையிற் செய்ததை அவர் பொருளிலும் செய்தனர் என்பதன்றி வேறன்று.

இவ்வறத்தை வழங்கிய அரசி ஒரு பெண் என்பதும் கருதற்பாலது. ஆயினும் பிரசூதிசாலையை வகுத்த பெருமையைச் சாசனம் ஆசிரியருக்கே உரியதாக்குகின்றது. மகளிர் நலத்தை மகளிரே நினைத்தல் வேண்டும் என்பதில்லை. இல்லறந் துறந்த ஒருவர் பேற்றறையை நினைந்தார் என்பதே அதன் சிறப்பு.

பிற்காலத்தில் இம்மரபு நம்மிடை நின்று நிலவவில்லை. நம் ஆதீனங்கள் தமிழை வளர்த்தன, சாத்திரங்களைக் காத்தன, பசித்தார்க்குச் சோறிட்டன. மடத்திற் பயின்ற எம்போல்வார் உண்ட சோறும் கற்ற கல்வியும் அவ்வறத்தின் பயனே. ஆனால் மூன்றாங் கூறாகிய மகப்பேற்றுச் சாலை என்னுங் கருத்து நழுவிவிட்டது. பேறு என்பது மனையின் பின்கட்டில் மருத்துவச்சியின் கையில் விடப்பட்டது. அம்மூதாட்டியருள் கைத்திறம் வாய்ந்தார் பலர். எனினும் குருதிப்பெருக்கும், நச்சுக் காய்ச்சலும், இசிவும் வந்துழி அவர் கையில் ஒன்றும் இல்லை.

அவ்வெற்றிடத்தைப் பிறர் நிரப்பினர். சென்னை எழும்பூரில் 1844-இல் மகப்பேற்று மருத்துவமனை ஏற்பட்டது. 1885-இல் மேரி சார்லீப் என்னும் ஆங்கில மருத்துவப் பெண்மணியின் முயற்சியால், ஆடவர் முன் வாராத மகளிர்க்கெனக் கோஷா மருத்துவமனை தோன்றியது. புதுக்கோட்டையிற் பிறந்து மருத்துவராகி, 1927-இற் சென்னைச் சட்ட மேலவையில் அமர்ந்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் (1886–1968) மகளிர் நலத்துக்கு ஆற்றிய தொண்டு யாவரும் அறிந்தது. அவர் பெயரால் 1987-இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய மகப்பேற்று உதவித் திட்டம், வறிய தாயர்க்கு 300 ரூபாய் அளித்துத் தொடங்கி, 2018-இல் 18,000 ரூபாயாக உயர்ந்தது. அதனுள் 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பொருளாக வழங்கப்படுமாறு வகுக்கப்பட்டது. வயாவுற்றார்க்கு உணவு என்னும் பழைய அறம் அரசின் ஏட்டில் இங்ஙனம் இடம்பெற்றது.

துணை என்னும் அறமும் அங்ஙனமே. அரசு மருத்துவமனைகளிற் பேற்றறையினுள் பெண்ணுறவினர் ஒருவர் உடனிருக்கலாம் என்னும் முறையைத் தமிழ்நாடு 2004-இற் கொணர்ந்தது. இரத்தினாவதிக்குச் சிராப்பள்ளியிற் பெருமான் அளித்ததும் இதுவே அன்றோ? மலையடிவாரத்துச் சுகாதார நிலையங்கள் சிலவற்றில், தொலைவிலுள்ள மலைவாழ் மகளிர் நாள் நெருங்குமுன்னரே வந்து தங்குதற்கு அறைகள் அமைக்கப்பட்டன. அங்கன்வாடிகளிற் சமுதாய வளைகாப்பு என்னும் நிகழ்ச்சியில், சூலுற்ற மகளிர் பலரை ஒருங்கு அமர்த்தி, வளையிட்டு, பூச்சூட்டி, கலவைச் சோறு அளிக்கின்றனர். தாய்வீடு இல்லாதவளும், தாய்வீட்டிற் பொருள் இல்லாதவளும் அந்நாளில் மற்றையாரோடு ஒப்ப அமர்கின்றாள். இவை நிற்க.

இவ்வளவும் அரசு செய்துவிட்டதாயின் அடியார்க்கு எஞ்சியது யாது எனின், கூறுதும். ஓசூரைச் சூழ்ந்து 1970-க்குப் பின் தொழிற்சாலைகள் பெருகின. தென்மாவட்டங்களிலிருந்தும் வடநாட்டிலிருந்தும் இளம்பெண்டிர் வந்து வேலை செய்கின்றனர். ஈண்டே மணந்து, ஒற்றையறை வாடகை மனையில் வாழ்கின்றனர். 1961-ஆம் ஆண்டு மகப்பேற்று நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டு, ஊதியத்தோடு கூடிய விடுப்பு 12 வாரத்தினின்றும் 26 வாரமாயிற்று. விடுப்பு உண்டு, ஊதியம் உண்டு, மருத்துவமனையும் உண்டு. ஆயினும் தாய் அருகில்லை. அவள் முந்நூறு கல்லுக்கப்பால் இருக்கின்றாள். தன் வயலையோ நோயுற்ற கணவனையோ விட்டு வர இயலாதவளாயிருக்கின்றாள். காவிரி வெள்ளம் இன்று வேறு வடிவில் இடையே கிடக்கின்றது. ஓசூர் மலைமேற் சந்திரசூடேசுரரையும் மரகதாம்பிகையையும் வணங்கி, ஒரு பக்கமாக அமர்ந்து தனித்து மூச்சு வாங்கும் சூலுடைப் பெண்களை யாம் பலகாற் கண்டதுண்டு. அவர்க்குத் தாயுமானவர் கதை தெரியும். தாயாக வருவாரைத்தான் காணோம்.

மல்காபுரச் சாசனம் நமக்கு ஒரு கணக்கைத் தருகின்றது. வருவாயில் மூன்றிலொன்று என்பது அக்கணக்கு. அத்துணையும் இன்று இயலாதெனின், இயன்றதைத் தொடங்கலாம். திருக்கோயிலைச் சார்ந்த மண்டபத்தில் திங்களுக்கு ஒருநாள் சூலுற்ற மகளிரைக் கூட்டி, முன்னர்ப் பெற்ற தாயர் சிலரை உடனிருத்தி, அவர் ஐயங்களை அச்சமின்றி வெளியிடச் செய்தல் ஒன்று. வயதுமுதிர்ந்த மெய்யன்பினராகிய அம்மையார் சிலர், தாய் அருகில்லாப் பெண்ணுக்குப் பேற்றறையில் உடனிருக்க முன்வருதல் ஒன்று. காட்டையடுத்த ஊர்களிலிருந்து வருவார்க்கு, நாள் நெருங்கிய காலத்துத் தங்க ஓரறையும் ஒருவேளைச் சோறும் மடத்திலோ சத்திரத்திலோ அளித்தல் ஒன்று. மருந்தும் அறுவையும் மருத்துவர்க்குரியன. அவற்றிற் புகுதல் நமக்காகாது. நஞ்சுக்கொடி விழாமையும் குருதிப்பெருக்கும் வழிபாட்டால் மட்டும் தீரும் எனக் கூறி ஒருத்தியையேனும் மருத்துவமனைக்குச் செல்லாது தடுத்தல் சிவாபராதமேயாம். தாயுமானவர் சந்நிதிக்கு வாழைத்தார் செல்லட்டும். வலிகண்டவள் மருத்துவமனைக்குச் செல்லட்டும்.

கமலவதியார்க்கு அன்று கணிதர் சொல்லே கிடைத்தது. தாயின் உயிரைக் காக்க ஒரு சாலை வேண்டும் என்பதைப் பின்னர் ஒரு சைவாசாரியர் உணர்ந்து, கோயிலோடும் கல்லூரியோடும் ஒப்ப வைத்து, 1261-இற் கல்லிற் பொறித்துச் சென்றார். அக்கல் இன்றும் உளது. அதிற் பொறித்த அறத்தை மீண்டும் நடத்துதல் கோளகி மரபின் பத்ததியைக் கைக்கொண்ட நம் எல்லோர்க்கும் உரிய கடனாம். மெய்யன்பர்கள் இதனைச் சிந்தித்து, தத்தம் ஊரில் இயன்ற அளவிற் செய்து, பிறக்கும் உயிர்க்கும் பெறுந் தாய்க்கும் துணையாய் நின்று, தாயுமானானது திருவருளுக்கு உரியராவார்களாக.

திருச்சிற்றம்பலம்.